பாகா என்றால் பாக்கியவதி

என் மனைவியை எதிர்த்துப் பேசுவது என்று ஒருநாள் காலையில் உறுதியாக முடிவு செய்தேன். முடிவை அவளிடம் சொல்லவில்லை. சொல்லும் அளவுக்குத் துணிச்சல் இருந்தால் முடிவு செய்துகொண்டு உட்கார்ந்திருக்க மாட்டேன், நேராகப் பேசியே இருப்பேன்.

நாங்கள் குடியிருப்பது மலாக்காவில் காஜா பேராங். மலாய்க்காரர்களைக் கேட்டால் சீறி நிற்கும் யானை என்று அர்த்தம் சொல்வார்கள். ஊருக்கு அந்தப் பெயரை வைத்தவர் என் வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றிருக்க வேண்டும். யானையின் பெயர் பூங்காவனம். அந்தப் பெயரில் பூ இருக்கிறது, கா இருக்கிறது, வனம் இருக்கிறது. கல்யாணமான நாளிலிருந்து நான் வழி தெரியாமல் நிற்பது அந்த வனத்தில்தான்.

என் பெயர் தாமோதரன். சின்னத் தமிழ்ப் பள்ளி ஒன்றில் வாத்தியார். பள்ளியில் என் குரலுக்கு ஒரு வகுப்பே எழுந்து நிற்கும். வீட்டில் ஒரு குரலுக்கு நான் எழுந்து நிற்பேன். இரண்டுக்கும் சரியாகப் போய்விடும்.

இப்படிப்பட்டவனுக்கு எதிர்த்துப் பேசும் எண்ணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். யுத்தத்தில் மலாக்காவைப் பிடித்த ஜப்பான்காரர்கள் கொடுத்தார்கள். அவர்கள் மலாக்காவுக்குக் கொடுத்தது குறைவு, எடுத்தது அதிகம். அரிசியை எடுத்தார்கள். சைக்கிளை எடுத்தார்கள். கடிகார முள்ளைத் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பி, எங்கள் காலைத் தூக்கத்தையும் எடுத்துக்கொண்டார்கள். சேவல் கண் விழிக்கும் முன்பே பள்ளி மணி அடித்தது. ஆனால் எனக்கு மட்டும் ஒன்று கொடுத்தார்கள். ஒரு மொழி. அதுவும் என் மனைவிக்குத் தெரியாத மொழி.

வாத்தியார்கள் எல்லோரும் மாலை வகுப்புக்குப் போய் நிப்போங்கோ என்கிற ஜப்பான் மொழியைக் கற்க வேண்டும், கற்றதைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. கல்வி அதிகாரி ஒருவர் வந்து ஒவ்வொருவர் பாடத்தையும் உட்கார்ந்து பார்ப்பாராம். அவருக்குப் பிடித்துவிட்டால் வேலை நிலைக்கும், வாத்தியார்களுக்கான அரிசிப் பங்கும் நிலைக்கும். பிடிக்காவிட்டால் புக்கிட் ரம்பாய்க்குப் போய் மரவள்ளிக் கிழங்கு நட வேண்டும். நான் மண்வெட்டியைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். குனிந்து பழக்கமுண்டு, ஆனால் அது வீட்டுக்குள் மட்டும்.

இருந்தாலும் நான் பயப்படவில்லை. என்னிடம் ஒரு முறை இருந்தது. ஆசிரியர் பயிற்சியில் எனக்குச் சொல்லிக்கொடுத்த எத்தனையோ விஷயங்களில் இது ஒன்றுதான் மண்டையில் தங்கியது. தெரியாததைத் தெரிந்ததில் மாட்டிவிட வேண்டும். புதுச் சட்டையை வெறும் சுவரில் மாட்டினால் கீழே விழும். ஆணி வேண்டும். பிள்ளைகளின் தலைக்குள் அவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த தமிழ் ஏற்கெனவே இருக்கிறது. அதுதான் ஆணி. நிப்போங்கோவை அதில் மாட்டிவிட்டால் தீர்ந்தது.

வாய்க்கு நிப்போங்கோவில் குச்சி. காலையில் பல்குச்சியை எங்கே வைக்கிறோம்? வாயில். பிள்ளைகள் அதை ஜென்மத்துக்கும் மறக்க மாட்டார்கள். காலுக்கு ஆஷி. பெரியவர் காலில் விழுந்தால் என்ன கிடைக்கும்? ஆசி. கண்ணுக்கு மே. கண்ணில் தீட்டுவது மை. முட்டைக்குத் தமாகோ. அதற்கு என் பெயரையே தானம் செய்தேன். தாமோதரன் வீட்டுக் கோழி போட்டது, தாமோ-கோ. தலைமை ஆசிரியருக்குக் கோச்சோ என்று பெயர். எங்கள் தலைமை ஆசிரியர் தேவதாஸ் தொட்டதற்கெல்லாம் கோச்சுக்கொள்கிறவர், அதனால் அந்தச் சொல்லைப் பிள்ளைகள் நான் சொல்லிக்கொடுக்காமலே கற்றுக்கொண்டார்கள்.

முதல் பாடம் நான், நீ. என் நெஞ்சைத் தொட்டு வத்தாஷி என்பேன். வாத்தி, வத்தாஷி, அதாவது நான். பிறகு விரலைப் பிள்ளைகள் பக்கம் நீட்டி, வாத்தி இல்லாவிட்டால் நீங்களெல்லாம் அனாதை என்பேன். அனாதா, அதாவது நீ. பிள்ளைகளும் தங்கள் நெஞ்சைத் தொட்டு வத்தாஷி என்று கத்துவார்கள், விரலை என் பக்கம் நீட்டி அனாதா என்று கத்துவார்கள். தேவதாஸுக்கு இது பிடிக்கவில்லை. மொழி என்பது நூறு தடவை எழுதி, கை வலித்துக் கற்க வேண்டிய சங்கதி என்பது அவர் கட்சி. இது பாடமா, கூத்தா என்று கேட்டுக் கோச்சுக்கொண்டார். நான் பிள்ளைகளைப் பார்த்தேன். பிள்ளைகள் உதட்டுக்குள்ளேயே கோச்சோ என்றார்கள்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆணியும் சுத்தியலும் கையில் இருந்தால் எந்தச் சுவரைப் பார்த்தாலும் அடிக்கத் தோன்றுகிறது. வீட்டுக்கு வந்தேன். பூங்காவனம் அரிவாள்மணையில் ஊபி நறுக்கிக்கொண்டிருந்தாள். மரவள்ளியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அந்த நாளில் காலையில் ஊபி, மத்தியானம் ஊபி, பண்டிகை என்றால் ஊபிக்கு மேல் தேங்காய்ப்பூ.

"ஜப்பான்ல பொண்டாட்டி புருஷனை எப்படிக் கூப்பிடுவா தெரியுமா?" என்று ஆரம்பித்தேன்.

"எப்படிக் கூப்பிட்டாலும் முதல் தடவையில வரமாட்டார். அது எல்லா ஊர்லயும் ஒண்ணுதான்."

"அனாதான்னு கூப்பிடுவா."

நறுக்குவது நின்றது. "வாயில நல்ல வார்த்தையே வராதா உங்களுக்கு? நான் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன். நீங்க எப்படி அனாதையாவீங்க?"

அனாதை இல்லை, அனாதா, நேர் அர்த்தம் 'நீங்க' என்பதுதான், நம் வீட்டில் நீ 'என்னங்க' என்கிறாயே, அதைப்போல, என்று விளக்கினேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு வெளியே சொன்னாள். "அனாதா." அந்தக் குரலில் கேட்டபோது எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அன்றைக்கு ஊபிகூட ருசித்தது.

அந்த உற்சாகத்தில் தமாகோவையும் கற்பிக்கப் பார்த்தேன். எங்கள் வீட்டில் கோழிகள் இருந்தன, முட்டைக்கு நிப்போங்கோ தெரிந்துகொண்டால் நல்லதுதானே. ஆனால் தாமோ-கோ என்றதும் பூங்காவனம் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். அதில் என் பெயர் இருக்கிறதாம். புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையுமாம். கோழி ஒவ்வொரு முட்டை போடும்போதும் என் ஆயுசைக் குறைத்துக்கொண்டிருக்க அவளால் முடியாதாம். சரி, அதை விட்டுவிடு என்றேன். என் ஆயுசின்மீது அவளுக்கு இருந்த அக்கறை எனக்குப் பெருமையாகவே இருந்தது.

இனி அந்த விபரீதத்துக்கு வருகிறேன். பாடத்துக்காக நான் படங்கள் வரைந்து வைத்திருந்தேன். பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் கண், வாய், கால் எல்லாம் கரியால் வரைந்து, ஊபி மாவுப் பசையால் பலகையில் ஒட்டி, காய்வதற்காகக் கோழிக்கூட்டுப் பக்கம் சாய்த்து வைத்தேன். கோழிகளுக்கும் அந்த நாளில் பஞ்சம்தானே. பசையைத் தின்றன. பசையோடு கண்ணைத் தின்றன, வாயைத் தின்றன. நான் வந்து பார்க்கும்போது ஒரு கால் மட்டும் மிஞ்சியிருந்தது.

கோழியைக் கூட்டில் அடைத்து வைக்கக்கூடாதா என்று மனைவியைக் கேட்டேன். படத்தைக் கூட்டில் அடைத்து வைக்கக்கூடாதா என்று அவள் கேட்டாள். பழைய தாமோதரனாக இருந்தால் அந்த இடத்தில் வாயை மூடியிருப்பான். நான் நிப்போங்கோ படித்த தாமோதரன். வாயைத் திறந்தேன்.

"பாகா," என்றேன்.

பாகா என்றால் முட்டாள். சிப்பாய்கள் அதற்கு ஒரு வாலும் சேர்த்து 'பாகேரோ' என்று கத்துவார்கள். கூடவே கன்னத்தில் ஓர் அறையும் விழும். அந்த வாலோடு அது ஊருக்கே தெரிந்த சொல். வாலை நறுக்கிவிட்டு, மெதுவாக, கொஞ்சுவது மாதிரி சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது என்பது என் கணக்கு.

"என்ன சொன்னீங்க?"

"நிப்போங்கோ."

"அது தெரியுது. அர்த்தம் என்னவாம்?"

ஆபத்து வந்தால் வாத்தியார் மூளை பறக்கும். "பாக்கியவதின்னு அர்த்தம். பாகா, பாக்கியவதி. ஆணி எப்படி உக்காருது பார்."

பூங்காவனம் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். வழக்கமாகப் பார்ப்பதைவிடக் கொஞ்சம் அதிக நேரம்தான். பிறகு சிரித்தாள். சிரித்துவிட்டு, "அனாதா," என்றாள்.

அன்றிலிருந்து என் வீட்டில் ஒரு வசந்த காலம் நடந்தது. விறகு ஈரம் என்று அவள் குறை சொன்னால், பாகா என்பேன். அனாதா என்பாள். கிணற்றில் வாளி விழுந்ததற்கு நான்தான் காரணம் என்பாள். பாகா என்பேன். அனாதா என்பாள். இத்தனை வருஷம் தொண்டையில் அடைத்துக்கொண்டிருந்தது எல்லாம் ஒரே சொல்லில் வெளியேறிவிட, எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. சண்டை என்பதே இல்லை. நான் திட்டுவேன், அவள் கொஞ்சுவாள். இதைவிட நல்ல குடும்பம் ஜப்பானிலேயே இருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு அலமேலுதான் செம்பருத்தி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, நாங்கள் இப்படிப் பேசும்போதெல்லாம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பாள். அவர்கள் மலாக்கா செட்டிக் குடும்பம். பெயர் தமிழ், பேச்சு மலாய். ஒன்றும் புரியாமல் சிரிக்கிறாள் என்று நான் பெருந்தன்மையாக விட்டுவிட்டேன். சில நாள் காலையில் அவளும் பூங்காவனமும் கூடையை எடுத்துக்கொண்டு கிளேபாங் பக்கம் போய் வருவார்கள். அலமேலுவின் சித்தி வீடு அங்கே இருக்கிறதாம். வரும்போது உப்புக் கருவாடு வரும். ஒரு தடவை உப்பே வந்தது. இன்னொரு தடவை, நம்பமாட்டீர்கள், சர்க்கரை வந்தது. சித்தி தங்கமானவள் என்று சொல்லிவிட்டு, கோப்பியை உறிஞ்சிக் குடித்தேன். நான் பாகா சொல்ல ஆரம்பித்த நேரம் வீட்டுக்கு அதிர்ஷ்டம் வருகிறது என்றுகூட ஒரு நினைப்பு.

இந்த நிலையில்தான் அதிகாரி வரும் நாள் குறித்தார்கள். வாத்தியார் வீட்டுப் பெண்களும் பள்ளி வாசலில் வரிசையாக நின்று வணக்கம் சொல்ல வேண்டும் என்று தேவதாஸ் சொல்லி அனுப்பினார். பூங்காவனத்துக்கு ஏக சந்தோஷம். ஒரு கண்ணாடித் துண்டு முன்னால் நின்று, குனிந்து குனிந்து பழகிக்கொண்டிருந்தாள்.

"பெரிய மனுஷர். வெறும் கும்பிடு மட்டும் போட்டா நல்லாவா இருக்கும்? வாய் நிறைய வாழ்த்தணும்," என்றாள்.

"என்னன்னு வாழ்த்துவே?"

"பாகான்னுதான். அவரும் பாக்கியவான்தானே."

கையிலிருந்த கோப்பி மடியில் கொட்டியது. சூடாகத்தான் இருந்திருக்கும், எனக்குத் தெரியவில்லை. முதலில் அறை. அது எனக்குத்தான். பிறகு புக்கிட் ரம்பாய். அதையும் தாண்டி, ஆட்களை ரயிலில் ஏற்றி அனுப்புகிற இடங்கள் இருந்தன. அவற்றைப் பற்றி நாங்கள் யாரும் வீட்டில் பேசுவதில்லை. அவளுக்கு என்ன ஆகும் என்று நினைத்தபோது நிஜமாகவே பயந்துபோனேன்.

அது ஆம்பிளைகளுக்குச் சொல்கிற சொல் இல்லை என்றேன். ஏன், பாக்கியம் ஆம்பிளைகளுக்குக் கிடையாதா என்றாள். இல்லை, சொந்தப் பெண்சாதிக்கு மட்டும்தான் சொல்வார்கள் என்றேன். அப்படியானால் அவர் வீட்டம்மாவைக் கேட்டதாகச் சொல்கிறேன், பாகா சௌக்கியமா என்று விசாரித்துவிடுகிறேன் என்றாள்.

உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். நீங்கள் அந்த வனத்துக்குள் வந்ததில்லை. இத்தனை நாள் உன்னை முட்டாள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன் என்று பூங்காவனத்திடம் சொல்வதைவிட, அதிகாரியின் அறை எவ்வளவோ மேல். அதனால் கெஞ்சினேன்.

"அந்த வார்த்தையை மறந்துடு."

"எப்படி மறக்கிறது? நீங்கதானே ஆணி அடிச்சு மாட்டினீங்க. நான் வெறும் சுவரு. நானா கழட்ட முடியும்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஞாபகத்தில் ஏற்றுவதற்கு எனக்கு வழி தெரியும். இறக்குவதற்கு எந்தப் பயிற்சியிலும் சொல்லிக்கொடுக்கவில்லை. வேறோர் ஆணி அடித்துப் பார்த்தேன். பாகா என்றால் பாகற்காய், கசப்பு, கெட்ட சொல் என்றேன். பாகற்காய் உடம்புக்கு நல்லதாயிற்றே, அதையும் சேர்த்தே பெரியவருக்குச் சொல்கிறேன் என்றாள். ஒரு ஆணி இரண்டாகிவிட்டது.

மறுநாள் காலையில் அவளே ஒரு வழி சொன்னாள்.

"கோழிக்கூட்டைத் திறந்தா அந்த வார்த்தை ஞாபகம் வருதுங்க. நீங்க முதல்ல அங்கதானே சொன்னீங்க. அந்தப் பக்கம் போகாம இருந்தா மறந்தாலும் மறந்துடும்."

இதில் நியாயம் இருந்தது. ஒரு விஷயத்தைக் கற்ற இடமே அதற்கு ஞாபகக் கயிறு என்பது எங்கள் தொழிலில் ஒப்புக்கொண்ட விஷயம். நான்தான் அதையும் அவளுக்கு ஒருநாள் விளக்கிச் சொல்லியிருந்தேன். அன்றைக்குக் கோழிக்கூட்டை நான் கழுவினேன். அதற்கடுத்த நாள் கிணற்றடியும் ஞாபகப்படுத்துகிறது என்றாள். தண்ணீர் நான் இறைத்தேன். பிறகு அம்மி. பிறகு விறகுக் கட்டை. பிறகு ஊபி. பாகா சொல்லாத இடம் என்று என் வீட்டில் எதையும் நான் மிச்சம் வைக்கவில்லையே. வேலியோரம் ஊபி துருவிக்கொண்டு நான் உட்கார்ந்திருக்க, அலமேலு எட்டிப் பார்த்து மலாயில் என்னவோ சொல்ல, பூங்காவனம் வாசல்படியில் வெற்றிலை மென்றபடி மலாயில் என்னவோ பதில் சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

துணி துவைக்கும் கல்லும் ஞாபகப்படுத்துகிறது என்று அவள் சொன்னபோது மட்டும் எனக்குச் சந்தேகம் வந்தது.

"துவைக்கிற கல்லு கிட்ட நான் ஒருநாளும் சொல்லலியே?"

"மனசுக்குள்ள சொல்லியிருப்பீங்க."

சொல்லியிருந்தேன். துவைத்தேன்.

நாள் நெருங்க நெருங்க வேறொரு கவலை. மறந்துவிட்டாளா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கேட்டால் கேள்வியே ஞாபகப்படுத்திவிடும். கேள்வி கேட்க முடியாத பரீட்சையை நான் வாழ்க்கையில் அப்போதுதான் நடத்தினேன். முந்தின நாள் சாயங்காலம் அவளே வந்தாள். "என்னமோ ஒரு வார்த்தை சொல்வீங்களே, பா-ன்னு வருமே, என்னங்க அது? மறந்தே போச்சு," என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, நீ ஓய்வெடு என்றேன். எதற்கும் நாளைக்கு நீ பள்ளிக்கு வர வேண்டாம், கால் வலி என்று தேவதாஸிடம் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். சரி என்றாள். இவ்வளவு சுலபமாக அவள் சரி என்று சொன்னதில்லை. அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

அதிகாரி வந்தார். குட்டையான மனிதர், நீளமான பூட்ஸ். பெண்கள் குனிந்தார்கள், தேவதாஸ் தரையைத் தொடுகிற மாதிரி குனிந்தார். வாசலில் பூங்காவனம் இல்லை என்று பார்த்துக்கொண்டதும் எனக்கு உயிர் வந்தது. பாடத்தை ஆரம்பித்தேன். வத்தாஷி என்றேன், பிள்ளைகள் நெஞ்சைத் தொட்டார்கள். அனாதா என்றேன். வகுப்பு முழுக்க விரலை நீட்டியது. என் பக்கம் அல்ல, புதிதாக வந்திருந்த அதிகாரி பக்கம். அனாதா, அனாதா என்று ஒரே சத்தம். தேவதாஸ் கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரி அசையவில்லை. வாயைத் தொட்டுக் காட்டினார். குச்சி என்றார்கள். கண்ணைக் காட்டினார். மே. பிறகு தன் பூட்ஸைக் காட்டினார்.

பயம் வந்தால் பிள்ளைகளுக்குச் சொல் மறந்துவிடுகிறது, ஆணி மட்டும் ஞாபகம் இருக்கிறது. வகுப்பு மொத்தமும் பெஞ்சை விட்டு எழுந்து, ஓடிவந்து, அவர் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தது. விழுந்த பிறகுதான் தரையிலிருந்து ஆஷி, ஆஷி என்று குரல் வந்தது. நான் மனதுக்குள் புக்கிட் ரம்பாயில் ஒரு பாத்தி வெட்டி முடித்துவிட்டேன்.

அதிகாரி தரையில் கிடந்த தலைகளைப் பார்த்தார். எங்கள் ஊரில் அவ்வளவு தாழ்வான வணக்கத்தை யாரும் அவருக்குச் செய்ததில்லை போலும். முகம் மெல்ல மலர்ந்தது. என்னைப் பார்த்து, "பாகு..." என்றார்.

அறைக்கு வசதியாகக் கன்னத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"...ஸு," என்று முடித்தார். பாகுஸ். மலாயில் நன்று. அவர் நாக்கு அதற்கு ஒரு உகரத்தைக் கூட்டி, நடுவில் என் உயிரைக் கழித்தது.

இதுவரை நடந்தது எல்லாமே நல்லதுதான். அதிகாரி வெளியே போக, நானும் தேவதாஸும் பின்னால் போக, வாசலில் பூங்காவனம் நின்றாள். கல்யாணப் புடவை கட்டியிருந்தாள். கையில் கூடை. கால் வலி எதுவும் தெரியவில்லை. அதிகாரி நேராக அவளிடம் போனார். அவள் குனிந்தாள், நிமிர்ந்தாள், என்னை ஒரு பார்வை பார்த்தாள், வாயைத் திறந்தாள்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"தமாகோ," என்று கேட்டது.

முதல்முறையாக என் மனைவி என்னைப் பெயர் சொல்லி அழைக்கிறாள் என்றுதான் நினைத்தேன். பழக்க தோஷம், குரல் கேட்டதும் எழுந்து நிற்கிறவன் ஆயிற்றே. "ஹாய்," என்று நிப்போங்கோவில் ஆஜர் சொல்லி ஓரடி முன்னால் வந்து விறைப்பாக நின்றேன். அதிகாரி என்னைப் பார்த்தார். கூடையைப் பார்த்தார். கூடை நிறைய முட்டை. "தமாகோ, தோசோ," என்று அவள் முழுசாகச் சொல்லி நீட்டினாள். முட்டை, வாங்கிக்கொள்ளுங்கள். "ஓ, தமாகோ ஒகுசான்," என்று அதிகாரி பழகியவர் மாதிரி சிரித்து வாங்கிக்கொண்டார். முட்டைக்காரம்மா என்று அர்த்தம். கார் போய்விட்டது. நான் இன்னும் விறைப்பாகவே நின்றுகொண்டிருந்தேன்.

வேலை நிலைத்தது, அரிசியும் நிலைத்தது. என் பாடத்தால்தான் என்று நான் இன்றைக்கும் சொல்வேன். வீட்டுக்கு வந்ததும் முதல் கேள்வியாகக் கேட்டேன்.

"தமாகோவை எப்போ கத்துக்கிட்டே? என் பேர் அதுல இருக்குன்னு காதைப் பொத்தினியே."

"விக்கிறவளுக்குச் சரக்கோட பேர் தெரிய வேணாமா? நீங்க சொல்லித்தர்றதுக்கு முன்னாடியே தெரியும். முட்டையைத்தானே சொன்னேன். நீங்க ஏன் ஓடிவந்தீங்க?"

அலமேலுவுக்குக் கிளேபாங்கில் சித்தியே கிடையாதாம். அங்கே ஜப்பான் அதிகாரிகளின் சமையல்கூடம் இருக்கிறது. முட்டை அங்கேதான் போகிறது. கருவாடும் உப்பும் சர்க்கரையும் அங்கிருந்துதான் வந்தன. இன்றைக்கு வந்த அதிகாரி காலையில் தின்பதும் எங்கள் கோழி முட்டைதான். என்னை அனுப்பிவிட்டால் என்ன செய்வது என்று அவளுக்கும் தூக்கமில்லையாம். அதனால்தான் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தாளாம்.

"உங்களை புக்கிட் ரம்பாய்க்கு அனுப்பிட்டா கோழிக்கூட்டை யார் கழுவுறது?" என்றாள். அவள் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். எனக்கும் நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்த நிறைவில் ஒரு சின்ன முள் குத்தியது.

"அந்தச் சமையல்கூடத்துல ஜப்பான்காரங்க பேசுறது உனக்குப் புரியுமா?"

"கொஞ்சம் கொஞ்சம். எடுபிடி சிப்பாய் முட்டையைக் கீழ போட்டு உடைச்சுட்டான்னா சமையக்காரர் கத்துவார். அது நல்லாப் புரியும்."

"என்னன்னு கத்துவார்?"

"பாக்கியவான்னு கத்துவார்," என்றாள் பூங்காவனம், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

வேலிக்கு அந்தப் பக்கம் அலமேலு செருமினாள். கழுவிய கூடு, இறைத்த தண்ணீர், துருவிய ஊபி, துவைத்த துணி எல்லாம் ஒவ்வொன்றாக என் கண் முன்னால் வந்து போயின. கடைசியில் கேட்டேன்.

"அப்போ முதல் நாளே உனக்குத் தெரியும். தெரிஞ்சும், நான் ஒவ்வொரு தடவை சொன்னப்பவும் நீ ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லாம சும்மா இருந்தியே."

"சும்மாவா இருந்தேன்? ஒவ்வொரு தடவையும் சொன்னேனே. நீங்க பாகாம்பீங்க. யாருன்னு நான் சொல்வேன்."

அவள் வெற்றிலையை மடித்துக் கடைவாயில் வைத்துக்கொண்டாள். பிறகு என் வகுப்புப் பிள்ளைகளைப் போலவே விரலை என் பக்கம் நேராக நீட்டினாள்.

"அனாதா."

பாக்கியவான் வாளியை எடுத்துக்கொண்டு கோழிக்கூட்டைக் கழுவப் போனான்.